லட்டு தின்ன பொள்ளாச்சி மட்டை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. மார்ச் வந்தா குளோசிங், ஏப்ரல் வந்தா ஆடிட், அதுக்கப்புறம் டிரான்ஸ்பர் லிஸ்ட்னு ஓடிக்கிட்டே இருக்கு. பேங்க்காரிக்கு வருஷம் பூரா மார்ச் மாசம்தான்னு ரங்கமணி சொல்லுவார். சொல்லிட்டுப் போகட்டும்.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க வீட்டு லட்டுவைப் பத்தி எழுதறேன்னு பாப்பாகிட்ட வாக்குக் குடுத்து ரொம்ப நாளாச்சு. "எழுதறேன் எழுதறேன்னு சொல்றே, எழுதவே மாட்டேங்கறே"ன்னு தினம் ஒரு ரிமைண்டர் வருது. லோன் கட்டாத கஸ்டமருக்குக்கூட நாங்க இத்தனை நோட்டீஸ் அனுப்பறதில்லை. அதான் இன்னைக்கு உக்காந்துட்டேன்.

லட்டு யாருன்னு தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. 2021ல ராய்ப்பூர்லேருந்து நாக்பூருக்கு மாத்தல் ஆகி வந்தோம். அடுத்த வருஷம் ஜூலை மழையில எங்க வீட்டுக்கு வெளிய நின்ன காருக்கு அடியில ஒரு குட்டி நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மாசக் குட்டி. லட்டு நிறம், லட்டு மாதிரியே உருண்டை. பாப்பா துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தப்ப, "ஒரு நாளைக்கு மட்டும்"னு நான் கண்டிஷன் போட்டேன். அந்த ஒரு நாள் இன்னும் முடியலை. வரவே இல்லாத செலவுக் கணக்குங்கறதால ரங்கமணி அதுக்கு என்.பி.ஏ.ன்னு பேரு வச்சார். பாப்பா லட்டுன்னு வச்சா. லட்டுதான் நிலைச்சுது.

குட்டியா இருந்தப்ப அது கடிச்ச சாமான்களுக்கு ஒரு ஸ்டேட்மெண்ட் போட்டா ரெண்டு பக்கம் வரும். என் ஆபீஸ் செருப்போட வார், டிவி ரிமோட்ல இருந்த ரப்பர் பட்டன், பாப்பாவோட பாதி ஸ்கேல், கூலர்ல அடைக்கிற புல்லு, ரங்கமணி சட்டைப் பையோட சேத்து ஒரு பத்து ரூபா நோட்டு. கிழிஞ்ச நோட்டை மாத்திக் குடுக்க ரிசர்வ் பேங்க்ல விதி இருக்கு. நாய் வயித்துக்குள்ள போன நோட்டுக்கு ஒண்ணும் இல்லை :-)

அப்ப யாரும் பெருசா எடுத்துக்கலை. எடுத்துக்கவும் வேண்டாம். நாய்க்குட்டிக்குப் பால் பல்லு 28. நாலு மாசத்துக்குப் பக்கத்துல அது விழ ஆரம்பிச்சு, ஏழு மாசத்துக்குள்ள 42 பெரிய பல்லு முளைச்சுடும். அதுவரைக்கும் ஈறு ஊறும், எதையாவது கடிச்சாத்தான் அதுக்கு நிம்மதி. நம்ம குழந்தைங்க பல்லு முளைக்கிறப்ப எல்லாத்தையும் வாயில வைக்கலையா, அது மாதிரிதான். லட்டுவும் 2023 ஜனவரி வாக்குல கடிக்கறதை நிறுத்திடுச்சு. செருப்பையெல்லாம் மறுபடி வாசல்லயே விட ஆரம்பிச்சோம். நல்ல பிள்ளைன்னு பேரும் வாங்கிடுச்சு.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, பிரச்சனை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. நிறுத்தின நாய் மறுபடி ஆரம்பிச்சுது. அங்கதான் நான் கோட்டை விட்டேன்.

நாக்பூர் வெயில் பத்தி முன்னாடி புலம்பியிருக்கேன். மே மாசம் 44, 45 டிகிரி சர்வசாதாரணம். மே 25 வாக்குல ஆரம்பிக்கிற ஒம்பது நாளை இங்க நவ்தபான்னு சொல்றாங்க, நம்ம ஊர் அக்கினி நட்சத்திரத்தோட தம்பி மாதிரி. மொட்டை மாடியில கறிவேப்பிலை, துளசி, மல்லி, ரெண்டு ரோஜான்னு பதினஞ்சு தொட்டி வச்சிருக்கேன். காலையில ஊத்தின தண்ணி பத்து மணிக்கெல்லாம் காணாமப் போயிடும்.

நான் உடுமலைப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருந்துச்சு. ஒவ்வொரு மரத்தைச் சுத்தியும் வட்டப் பாத்தி எடுத்து, அதுல தேங்காய் மட்டையைக் கவுத்துப் புதைச்சு வைப்பாங்க. மூடாக்குன்னு பேரு. மட்டை தண்ணியைக் குடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடும், வேருக்கு வெயில் தெரியாது. சின்ன வயசுல பாத்தது மனசுல இருந்துச்சு. அதனால 2024 ஏப்ரல்ல ஆன்லைன்ல தென்னைநார்க் கட்டியும், துண்டு போட்ட மட்டையும் ஆர்டர் பண்ணினேன். கோகோபீட்னு விக்கிறாங்களே, அதுதான்.

பார்சல் வந்துச்சு. பொட்டியைத் திருப்பிப் பாத்தா, அனுப்புனர் முகவரியில பொள்ளாச்சி!

நம்பினா நம்புங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நாங்க சின்னப் புள்ளையில வெந்நி அடுப்புல வச்சு எரிச்ச மட்டையை, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து காசு குடுத்து வாங்கறேன். கட்டியைத் தண்ணியில ஊறப் போட்டு, அந்த ஈர நார் வாசனையை மோந்து பாத்துக்கிட்டே நின்னேன். செங்கல் சைஸ் கட்டி, முக்கால் கிலோகூட இருக்காது. அரை மணி நேரத்துல ஒரு வாளி நிறைய ஆயிடுச்சு. ஊருக்குப் போன் போட்டு அம்மாகிட்ட சொன்னா, "மட்டைக்கெல்லாமா காசு குடுத்தே?"ன்னு சிரிச்சாங்க.

தொட்டி எல்லாத்துக்கும் மேல மட்டைத் துண்டு பரப்பினேன். அழகா இருந்துச்சு. மறுநாள் காலையில பாத்தா மூணு தொட்டி காலி.

லட்டுதான். ஓரமா உக்காந்து மென்னுக்கிட்டு இருக்கு. என்னைப் பாத்ததும் காதை மடிச்சுக்கிட்டுச்சு, ஆனா வாயில இருந்ததைத் துப்பலை. முழுங்கிடுச்சு.

அதுக்கப்புறம் தினம் இதே கூத்து. மட்டைத் துண்டு, ஊறாத நார்க்கட்டியோட மூலை, தொட்டி மண்ணு, செவுத்துல உரிஞ்ச சுண்ணாம்பு. நானும் என்னென்னவோ பண்ணினேன். தொட்டியைச் சுத்தி மிளகாய்த் தூள் போட்டேன். தும்மிக்கிட்டே தின்னுச்சு. எலுமிச்சைத் தோலு வச்சேன். ஒதுக்கி வச்சுட்டுத் தின்னுச்சு. எதிர் வீட்டு காக்கு, "கால்சியம் கம்மி, பால் குடு"ன்னாங்க. குடுத்தோம். பாலைக் குடிச்சுட்டு மண்ணையும் தின்னுச்சு.

ஒரு நாள் பிராஞ்சுல சர்வர் படுத்து, கஸ்டமர் எல்லாரும் என் மேல பாஞ்சு, ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். மல்லித் தொட்டி கவுந்து கிடக்கு, லட்டு வாய் பூரா மண்ணு. பேப்பரைச் சுருட்டி நாலு போடு போட்டேன். அது ஓடலை. அப்படியே படுத்துக்கிட்டு என்னையே பாத்துச்சு. பாப்பா ஓடி வந்து, "அம்மா, அடிக்காதே"ன்னு நடுவுல நின்னா. "நீ குடுக்கற செல்லம்தான் இத்தனைக்கும் காரணம்"னு அவளுக்கும் ரெண்டு விழுந்துச்சு, வாயாலதான். இந்தப் பத்தியை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். எழுதாம விட்டா மீதி எழுதறதுக்கு அர்த்தம் இல்லை. அதான்.

அந்த மாசம் லட்டு நிறைய தூங்குச்சு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சு. வெயில்னு நினைச்சோம். எங்களுக்கே வாங்குதே!

மே 26, ஞாயித்துக்கிழமை. காலையிலேருந்து வாந்தி. முதல்ல சாப்பாடு, அப்புறம் தண்ணி, அப்புறம் வெறும் மஞ்ச நுரை. ரெண்டு நாளா வெளிக்கே போகலைன்னு பாப்பா அப்பத்தான் சொல்றா. முதுகை வில்லு மாதிரி வளைச்சுக்கிட்டு நிக்குது. வயித்துல கையை வச்சா முனகுது. ரங்கமணி தூக்கி வண்டியில போட்டார். வாலாட்டாம வண்டியில ஏறினது அன்னைக்குத்தான்.

டாக்டர் வயசானவர், மராட்டிக்காரர். வயித்தைத் தொட்டுப் பாப்பார்னு நினைச்சேன். அவர் முதல்ல லட்டுவோட மேல் உதட்டைத் தூக்கினார். ஈறு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? நம்ம வீட்டு சுண்ணாம்புச் செவுரு மாதிரி. கீழ் இமையை இழுத்தார். அங்கயும் வெள்ளை.

"மண்ணு திங்குதா?"ன்னு கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் இன்னும் மட்டை விஷயத்தையே சொல்லலை. "ஆமா சார், ஒரு மாசத்துக்கு மேல"ன்னேன்.

"அதுக்கு முன்னாடி உடம்புல உண்ணி இருந்துச்சா?"

இருந்துச்சு. மார்ச் கடைசியில காதுக்குள்ள ஏழெட்டு இருந்ததைப் பாப்பா பாத்துட்டு வந்து சொன்னா. நான் இயர் எண்டிங்ல தலைகீழா நின்னுக்கிட்டு இருந்தேன். "பிடுங்கிப் போடு, ஏப்ரல்ல டாக்டர்கிட்ட போலாம்"னேன். ஏப்ரல்ல ஆடிட் வந்துடுச்சு.

ரத்தம் எடுத்தாங்க. நாய் ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, பி.சி.வி.ன்னு சொல்றாங்க, சாதாரணமா 37லேருந்து 55 சதவீதம் வரைக்கும் இருக்கணுமாம். லட்டுக்கு 17. எர்லிக்கியா, பபேசியான்னு உண்ணி மூலமா பரவற ரெண்டு கிருமி. லட்டுக்கு ரெண்டுமே இருந்துச்சு. ஒண்ணு வெள்ளையணுவுக்குள்ள போய் உக்காந்துக்குது, இன்னொண்ணு சிவப்பணுவுக்குள்ளயே பூந்து அதை உடைக்குது. ரெண்டு மாசமா உள்ளுக்குள்ள ரத்தம் அழிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. நாங்க வெயிலைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

எக்ஸ்ரேயில மட்டை தெரியலை. எலும்பு, காசு, கல்லு மாதிரி தெளிவா தேங்காய் நாரு தெரியாதாம். ஸ்கேன்ல சிறுகுடல் ஆரம்பத்துல ஏதோ உருண்டையா அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். ஆனா 17 பி.சி.வி.யில மயக்க மருந்து குடுத்தா எழுந்திரிக்குமாங்கறது சந்தேகம். பிளேட்லெட்டும் கம்மி. அறுத்தா ரத்தம் நிக்கணுமே. அறுக்காம விட்டா குடல் அழுகிடும்.

"முதல்ல ரத்தம் ஏத்தணும். பெரிய நாய் ஏதாவது தெரியுமா?"ன்னார் டாக்டர்.

ஙேன்னு முழிச்சேன். நாய்க்கு ரத்தம் நாயேதான் குடுக்கணும்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல எடை இருக்கணும், நல்ல ஆரோக்கியமா இருக்கணும், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கணுமாம். நாய்களுக்கும் ரத்த வகை உண்டு. முதல் தடவை ஏத்தறப்ப பெரும்பாலும் ஒத்துக்குமாம், இருந்தாலும் ரெண்டையும் கலந்து பாத்துட்டுத்தான் ஏத்துவாங்க.

ரங்கமணி எதிர் வீட்டு காக்குவுக்குப் போன் போட்டார். அவங்க வீட்டு லேப்ரடார் ராஜா, முப்பத்தி நாலு கிலோ. லட்டுவைப் பாத்தா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு தொண்டை கிழியக் குரைக்கிறவன். காக்கு ஒரு கேள்வி கேக்கலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம், 45 டிகிரி வெயில்ல, புருஷனையும் ராஜாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கழுத்துல ஊசியைப் போட்டு ரத்தம் எடுக்கறப்ப, ராஜா காக்கு மடியில தலையை வச்சுக்கிட்டு பிஸ்கெட்டைத் தின்னுக்கிட்டு இருந்தான். நான் அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். "அக மேடம், ரடூ நகோ"ன்னு முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. அழாதேன்னு அர்த்தம். மூணு வருஷமா எதிர் வீடு, அன்னைக்குத்தான் அவங்க பேரையே கேட்டேன்.

மறுநாள் காலையில ஆபரேஷன். வெளிய எடுத்ததை ஒரு டிரேயில வச்சுக் காட்டினாங்க. ஒரு எலுமிச்சம்பழ சைஸ் உருண்டை. நாரு நாரா முறுக்கி, கயித்துப் பந்து மாதிரி. எத்தனையோ தடவை கையில பிடிச்ச நாருதான், ஆனா அன்னைக்கு அதைத் தொட முடியலை.

டாக்டர் கையைக் கழுவிக்கிட்டே சொன்னதை அப்படியே எழுதறேன், உங்க வீட்டுல நாய் இருந்தா உதவும்.

நாய் ஒரு பொருளைக் கடிச்சுக் குதறித் துப்பறது வேற, முழுங்கறது வேற. கடிச்சுத் துப்பறது பெரும்பாலும் பல்லு முளைக்கிறதாலயோ, பொழுது போகாததாலயோ, நாள் பூரா தனியா இருக்கறதாலயோ. வாக்கிங் கூட்டிட்டுப் போறது, கடிக்க நல்ல பொம்மை குடுக்கறது, கூட விளையாடறதுன்னு அதுக்கு வழி இருக்கு. ஆனா மண்ணு, மட்டை, சுண்ணாம்பு, துணின்னு தின்னக்கூடாததைத் தேடித் தேடி முழுங்கினா அதுக்குப் பைக்கான்னு பேரு. லத்தீன்ல அது ஒரு பறவையோட பேராம், கண்டதையும் கொத்துமாம். சில நாய்களுக்கு அது வெறும் பழக்கமாவோ, மன உளைச்சலாவோ இருக்கலாம். ஆனா வளந்த நாய் திடீர்னு ஆரம்பிச்சா முதல்ல உடம்பைத்தான் பாக்கணும். வயித்துல பூச்சி, ரத்த சோகை, சாப்பிட்டது செரிக்காம சத்து ஒட்டாம போறது, ஈரல் கோளாறு, இல்லைன்னா சாப்பாடே பத்தாம இருக்கறதுன்னு எதுவேணாலும் காரணமா இருக்கலாம்.

"உடம்புக்கு ஏதோ குறையுதுன்னு அதுக்குத் தெரியுது மேடம். என்ன குறையுதுன்னு தெரியலை. அதான் வாய் தேடுது"ன்னார்.

அந்த வாக்கியம் எனக்குள்ள எங்கயோ போய்க் குத்துச்சு. ஏன்னு அப்பப் புரியலை.

பேங்க்ல எஸ்.எம்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. 2014லேருந்து நடைமுறையில இருக்கற விஷயம். ஒருத்தர் தவணையை ஒரு நாள் தாண்டினாலே அந்தக் கணக்கு எஸ்.எம்.ஏ. ஜீரோ. முப்பது நாள் தாண்டினா ஒண்ணு, அறுபது தாண்டினா ரெண்டு, தொண்ணூறு தாண்டினாத்தான் என்.பி.ஏ. அதுக்குள்ள போன் போட்டு, "ஏன் சார் கட்டலை, வியாபாரம் சரியில்லையா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா"ன்னு கேக்கணும். இதைத்தான் நான் புதுசா சேர்ற பசங்களுக்கு டிரெய்னிங்ல சொல்லித் தர்றேன். வீட்டுல ஒரு ஜீவன் மார்ச் கடைசியிலேருந்து ஜீரோ, ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையாக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் பேப்பரைச் சுருட்டினேன்.

அஞ்சாம் நாள் லட்டு வீட்டுக்கு வந்துச்சு. டாக்ஸிசைக்ளின் 28 நாள், கூடவே இன்னும் ரெண்டு மாத்திரை. கழுத்தைச் சுத்தி பிளாஸ்டிக் கூம்பு. அந்தக் கூம்போட கதவுல இடிச்சுக்கிட்டுச் சமையக்கட்டுக்கு வந்து என் காலடியில படுத்துக்கும்.

அன்னைக்கும் அப்படித்தான் படுத்திருந்துச்சு. நான் ராத்திரிச் சமையலுக்கு அரிசி அளந்துக்கிட்டு இருந்தேன். பாப்பா ஃப்ரிட்ஜைத் திறக்க வந்தவ நின்னுட்டா.

"அம்மா, என்ன திங்கறே?"

"ஒண்ணுமில்லடீ."

"பச்சரிசி. தினம் திங்கறே. நான் பாத்திருக்கேன். ஆபீஸ் பேக்லகூட டப்பா வச்சிருக்கே."

ஆமா. வச்சிருந்தேன். எங்க அமுச்சி, "அரிசியைத் தின்னா கண்ணாலத்தன்னிக்கு மழை கொட்டும் புள்ளே"ன்னு மிரட்டுவாங்க. சின்ன வயசுல ஒரு கை அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினது உண்டு. கல்யாணத்தன்னைக்கு வெயில்தான் அடிச்சுது. அதுக்கப்புறம் விட்டுப் போச்சு. மறுபடி எப்ப ஆரம்பிச்சேன்? யோசிச்சுப் பாத்தா ஒரு வருஷத்துக்கு மேல. முதல்ல அளக்கறப்ப நாலு மணி. அப்புறம் ஒரு பிடி. அப்புறம் ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கப்புறம் டப்பாவோட. லோன் ஃபைல் பாக்கறப்ப டிராயர்ல. கரகரன்னு மெல்லறப்ப ஒரு நிம்மதி. யாராவது பாத்துட்டா வெக்கம். மாடிப்படி ஏறினா எனக்கும் மூச்சு வாங்குச்சு. அதையும் வெயில் கணக்குல எழுதிட்டேன்.

பாப்பா சிரிக்கலை. கோபப்படவும் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திட்டு வந்து என் கீழ் உதட்டை விரலால இழுத்துப் பாத்தா. டாக்டர் லட்டுக்குப் பாத்தாரே, அதே மாதிரி.

"அம்மா, நீயும் டெஸ்ட் எடு"ன்னா.

எடுத்தேன். ஹீமோகுளோபின் 7.6. கர்ப்பமா இல்லாத பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்த சோகை. அந்த லேடி டாக்டர் கேட்ட ரெண்டாவது கேள்வி, "அரிசி, சாக்பீஸ், சாம்பல், ஐஸ் கட்டி ஏதாவது சாப்பிடறீங்களா?" முதல் கேள்வி மாசாமாசம் எப்படிப் போகுதுன்னு. நாப்பது வயசுக்கு மேல அதிகமாப் போறது இருக்கறதுதானேன்னு நான் ரெண்டு வருஷமா சும்மா இருந்துட்டேன். ஸ்கேன்ல ஃபைப்ராய்டு. அதுக்கு இப்ப வைத்தியம் நடந்துக்கிட்டு இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்லை.

நான் என்னமோ விதிவிலக்குன்னு நினைச்சுக்காதீங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, 15லேருந்து 49 வயசு வரைக்கும் இருக்கற நம்ம நாட்டுப் பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேல. இதைப் படிக்கிறவங்க வீட்டு அரிசி டின்னுலயும் ஒரு கை போயிட்டு வரலாம். மனைவியோ, அம்மாவோ, ஹாஸ்டல்ல இருந்து வந்த பொண்ணோ. "சின்னப் புள்ளை மாதிரி என்ன பழக்கம் இது"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. அவங்களே டின்னை மறைச்சு வச்சிருந்தா இன்னும் சீக்கிரம் எடுங்க.

இரும்புச் சத்து மாத்திரை போட ஆரம்பிச்சு சில வாரத்துல அரிசி ஆசை போயிடுச்சு. நானா விடலை. தானா போயிடுச்சு. ஒரு நாள் டிராயரைத் திறந்தா டப்பா அப்படியே இருக்கு, எனக்கு ஞாபகமே இல்லை. மாத்திரை போட்ட உடனே காபி குடிக்கக்கூடாதுன்னதுதான் கஷ்டமா இருந்துச்சு. காபி இரும்பை ஒட்ட விடாதாம். உடுமலைக்காரிகிட்ட காபியைத் தள்ளிக் குடின்னு சொன்னா எப்படி!

லட்டுவும் அப்படியேதான். ரத்தம் ஏற ஏற மண்ணு பக்கம் போறதே இல்லை. ஆகஸ்ட்ல பி.சி.வி. 41. மிளகாய்த் தூளும் பேப்பர் சுருளும் செய்யாததை மாத்திரை செஞ்சிடுச்சு.

நாய் வளக்கறவங்களுக்கு, நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்லிடறேன்.

வாரத்துக்கு ஒரு தடவை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. நல்லா ரோஸா இருக்கணும். விரலால அமுக்கி விட்டா வெள்ளையாகி, ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் திரும்பணும். சில நாய்க்கு ஈறு கருப்பா இருக்கும், அப்ப கீழ் இமைக்கு உள்பக்கம் பாருங்க. உண்ணியைக் கண்டா ஆடிட் முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

எதையாவது முழுங்கிட்டு, திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாடு இறங்கலை, வெளிக்குப் போகலைன்னா அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க. உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்பே விஷமாயிடும். பின்னாடி நூலோ நாரோ தொங்கினா இழுக்காதீங்க, உள்ள குடலை அறுத்துடும்.

தொட்டிக்குப் போடறதுலயும் கவனம் வேணும். ஆமணக்குப் புண்ணாக்குல ரைசின்ங்கற கொடிய விஷம் இருக்கு. ஆர்கானிக்னு விக்கிற சில உரத்துல இதோட எலும்புத் தூளும் சேரும், அந்த வாசனைக்கு நாய் ஓடி வரும். நாய் இருக்கற வீட்டுல அது வேண்டவே வேண்டாம். பூஞ்சை பிடிச்ச மக்கு உரத்தையும் மூடி வைங்க, சில பூஞ்சை நாய்க்கு வலிப்பு வர வச்சுடும். வெளிநாட்டுல இருக்கறவங்க கோகோ கொட்டைத் தோலை மூடாக்குன்னு வாங்கினா, சாக்லேட்ல நாய்க்கு ஆகாத அதே பொருள் அதுலயும் இருக்குங்கறதை மறந்துடாதீங்க. தென்னை மட்டையில விஷம் எதுவும் இல்லை. ஆனா முழுங்கினா என்ன ஆகும்னு நான் டிரேயில பாத்துட்டேன்.

இப்ப தொட்டிக்கு மேல மட்டைத் துண்டுதான் இருக்கு, அதுக்கு மேல ரங்கமணி கம்பி வலை அடிச்சுக் குடுத்திருக்கார். ஊர் மட்டையை விட மனசில்லை. சாயங்காலம் மாடிக்குப் போனா லட்டுவும் கூடவே படியேறி வரும். மூச்சு வாங்காம, ரெண்டு பேரும். கேட்டுக்கு அந்தப் பக்கம் ராஜா இன்னும் தொண்டை கிழியக் குரைக்கிறான். அவன் ரத்தம்தான் இதுக்குள்ள ஓடுச்சுன்னு அவனுக்கும் தெரியாது, லட்டுக்கும் தெரியாது. தீபாவளிக்கு காக்கு வீட்டுக்கு அதிரசம் குடுத்தனுப்பினேன், ராஜாவுக்குத் தனியா ஒரு கிலோ கோழி.

லட்டுவை அடிச்சதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு வழி தெரியலை. அது எப்பவோ மறந்துடுச்சு. பேப்பர்காரர் வாசல்ல பேப்பரைப் போட்டா அதுதான் கவ்விக்கிட்டு வந்து என் கையில குடுக்குது. ஒவ்வொரு நாளும் அதைச் சுருளாத்தான் வாங்கறேன். விரிச்சுட்டுத்தான் உக்காருவேன்.

பி.கு.: பாப்பா படிச்சுப் பாத்துட்டு, "என்னைத் திட்டினதையும் எழுதிட்டே, சரி"ன்னா. வாக்கைக் காப்பாத்திட்டேன். இன்னைக்கு ராத்திரிச் சமையல் அவளோடது. அரிசியை அவதான் அளப்பா :-)